ஏடு, இறுவட்டு, இணையம்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியிலே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சென்றால், பாறைகளுக்கிடையே அமைந்த பழம்பெரும் குகைக்கோயில் ஒன்றைக் காணலாம். அலுவிகாரை என்பது அதன் பெயர். கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் அரசன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திருமறையாகிய திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அதுவே என்பது இலங்கையின் நெடுநாள் மரபு. எழுதவேண்டிய தேவை ஏன் எழுந்தது? மறையை நெஞ்சில் நிறுத்தி, ஆசிரியர் மாணாக்கர் என்ற முறையில் வழிவழியாகக் காத்து வந்தவர்கள் துறவிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குழுவினர் பொறுப்பாக இருந்தனர். போரும் கொடிய பஞ்சமும் நாட்டை வருத்தியபோது அத்துறவிகளுட் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்தனர். ஒருவர் இறந்தால் அவரோடு ஒரு நூலும் இறந்துபடும் என்ற அச்சம் எஞ்சியோரைப் பற்றிக்கொண்டது. அவ்வச்சத்தின் பயனே ஏடும் எழுத்தாணியும்.

இவ்வரலாற்றில் ஒரு பொது உண்மை அடங்கியிருக்கிறது. மனிதர் ஆக்கிய கலைப்பொருள் எதுவாயினும் தன்னைத் தாங்குவதற்கு ஒரு கலத்தை வேண்டி நிற்கிறது. பாட்டுக்கு நாவும் செவியும் கலம். நூலுக்கு ஏடும் தாளும் கலம். இசைக்கு ஒலித்தட்டுக் கலம். கலம் மாறும்போதெல்லாம் சில வசதிகள் கூடுகின்றன; சில உரிமைகள் குறைகின்றன. எவை கூடின, எவை குறைந்தன என்பதை மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும் காலத்திலேயே கணக்கிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. மாறி முடிந்த பின்னர்ப் பார்ப்போமாயின், இழந்ததை மீட்பது அரிதாகிவிடும்.

இன்று அத்தகைய மாற்றமொன்று இளைஞர் உலகிலே நடைபெற்று வருகிறது. கசெற்றிலும் இறுவட்டிலும் அடங்கிக் கைக்குக் கை மாறி வந்த வீடியோ விளையாட்டு, கையில் அகப்படாத இணையப் பண்டமாகி வருகிறது. விளையாட்டுத்தானே என்று பெரியோர் இதனைப் புறக்கணித்தல் கூடும். ஆயின், பணம் கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்னும் கேள்வி இதனுள் மறைந்து கிடக்கிறது. அக்கேள்வி விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் நூலுக்கும் அதுவே நாளைய கேள்வி. எனவே சிறுவரின் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது பெரியோர்க்கும் பயனுடைய காரியமே.

வீடியோ விளையாட்டுக்கு முன்னர் நம் ஊர்களில் வழங்கிய விளையாட்டுகளைச் சற்றே நினைவு கூர்தல் வேண்டும். பல்லாங்குழி ஆடுவதற்கு மரப்பலகை இருந்தால் நன்று. இல்லையேல் மண்ணிலே குழி பறித்துக்கொண்டால் போதும். புளியங்கொட்டையோ சோழியோ கிடைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்தில் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெளியவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்விளையாட்டின் விதிகள் யாருடைய சொத்தும் அல்ல. பாட்டி பேர்த்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். பேர்த்தி அடுத்த வீட்டுச் சிறுமிக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆடுவதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒருவர் நினைத்தாலும் அதனை ஊரிலிருந்து எடுத்துவிட முடியாது. கலம் மனித நினைவாக இருந்ததன் சிறப்பு இது. எவரும் ஆடாதுவிட்டால் ஒரு தலைமுறையிலேயே மறந்து போகும் என்பது அதன் குறை.

வீடியோ விளையாட்டு இவ்வாறு நினைவில் தங்கத்தக்கதன்று. அது மின்பொறியொன்று படித்து நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகளைத் தனியே ஒரு பேழையில் அடைத்து, வேண்டும்போது பொறியிற் செருகி, வேண்டாதபோது கழற்றி வைக்கும் முறையை 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஃபெயார்சைல்ட் நிறுவனம் வெளியிட்டது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளர். 1983ஆம் ஆண்டில் யப்பானின் நிண்டென்டோ நிறுவனம் ஃபமிகொம் என்ற பொறியை வெளியிட்ட பின்னர் அம்முறை உலகெங்கும் பரவிற்று. 1985இல் வெளிவந்து பெரும்புகழ் எய்திய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டின் முழு அளவும் 40 கிலோபைட் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரண நிழற்படம் அதனைப்போலப் பன்மடங்கு பெரிது.

இப்பொறிகளைப் பின்பற்றிச் செய்யப்பட்ட மலிவான பொறிகள், 'ரீவி கேம்' என்ற பெயரில் இலங்கையின் சிறு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் அப்பொறிக்கு வேண்டிய பேழையைச் சிறுவர் 'கசெற்' என்றே அழைத்தனர். ஒரு தெருவில் ஒரு வீட்டிற் பொறி இருக்கும். நான்கு வீட்டில் நான்கு கசெற் இருக்கும். அவற்றைத் தமக்குள் மாற்றி மாற்றி ஆடினர். வேலை செய்யாத கசெற்றின் வாயில் ஊதி மீண்டும் செருகிப் பார்க்காத சிறுவர் அக்காலத்தில் இருந்திரார். 1994ஆம் ஆண்டின் இறுதியில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் யப்பானில் வெளிவந்தது. அது விளையாட்டை இறுவட்டில் ஏற்றிற்று. பேழையைவிட இறுவட்டைச் செய்வதற்குச் செலவு மிகக் குறைவு; அதிற் கொள்ளும் செய்தியோ பல நூறு மடங்கு அதிகம். இறுவட்டுகளுட் பல உரிமையாளரின் ஒப்புதலின்றிப் பிரதி செய்யப்பட்டுக் கடைகளில் விற்கப்பட்டமையும் நாடறிந்த செய்தி. அது முறையன்று. எனினும், இவ்வகைப் பொறிகள் எட்டாத நாடுகளின் சிறுவர் உலக விளையாட்டுகளை அறிந்துகொண்டது பெரும்பாலும் அவ்வழியாலேதான் என்பதையும் மறுத்தல் இயலாது.

பேழையாயினும் இறுவட்டாயினும் அதனை வாங்கியவனுக்கு இருந்த உரிமைகள் யாவை? மாத்தளைக் கடைவீதியில் ஒரு சிறுவன் இறுவட்டொன்றை வாங்கினான் என்று கொள்வோம். அவன் அதனை வீட்டுக்குக் கொண்டு சென்றதும், விற்றவனுக்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிட்டது. அவன் அதனை மச்சானுக்கு இரவல் கொடுக்கலாம். அலுத்தபின் விற்று வேறொன்று வாங்கலாம். வளர்ந்தபின் தம்பிக்கு விட்டுச் செல்லலாம். செய்த நிறுவனம் மூடப்பட்டாலும், கடை வேறு கைக்கு மாறினாலும் அவனுடைய இறுவட்டு அவனிடமே இருக்கும். நெல்லுக்கும் நிலத்துக்கும் நூலுக்கும் உள்ள உடைமையே அதற்கும் இருந்தது.

இந்த ஒழுங்கு மெல்ல மெல்ல மாறத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்னும் இணையச் சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப் 2' என்ற விளையாட்டைக் கடையில் இறுவட்டாக வாங்கியவர்களும், ஸ்டீமில் ஒரு கணக்கைத் திறந்து, இணையத்தின் வழியாக ஒப்புதல் பெற்ற பின்னரே விளையாட முடிந்தது. கையிலே இறுவட்டு இருந்தும் தூரத்திலுள்ள ஒருவரின் இசைவு வேண்டியதாயிற்று. பலர் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆயின், பின்னர் வந்த மாற்றங்களுக்கெல்லாம் வாயில் திறந்தது அந்நிகழ்ச்சியே எனலாம். 2006ஆம் ஆண்டளவில் பெரிய விளையாட்டுப் பொறிகள் மூன்றுக்கும் இணையக் கடைகள் அமைந்தன. 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 இரு வடிவங்களில் விற்கப்பட்டது. அவற்றுள் ஒன்றில் இறுவட்டுச் செலுத்தும் வாயே இல்லை. 2024 நவம்பரில் அதன் உயர்ந்த வடிவம் வெளிவந்தபோது, அவ்வாய் வேண்டுவோர் அதனைத் தனியே விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2025இல் நிண்டென்டோ வெளியிட்ட ஸ்விட்ச் 2 என்னும் பொறிக்கு வந்த பேழைகளுட் சிலவற்றில் விளையாட்டே இல்லை. இணையத்திலிருந்து அதனை இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மாத்திரமே உண்டு. பெட்டி இருக்கிறது, பேழை இருக்கிறது, உள்ளே பண்டம் இல்லை.

இணையக் கடையில் விளையாட்டை வாங்கும்போது நிகழ்வது யாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் முதலில் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொண்டு ஒரு கணக்கைத் திறக்கிறார். பணம் செலுத்தியதும், இன்ன கணக்குக்குரியவர் இன்ன விளையாட்டை ஆடலாம் என்று நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது. அந்த வரியே அவர் வாங்கிய பொருள். விளையாட்டின் கட்டளைத் தொகுதி அவருடைய பொறியில் இறங்கினாலும், பல வேளைகளில் அது இயங்குமுன் அப்பதிவேட்டை வினவிப் பார்க்கும். வரி இருந்தால் இயங்கும், அழிக்கப்பட்டிருந்தால் இயங்காது. சட்ட மொழியிற் சொல்வதானால், அவர் வாங்கியது உடைமை அன்று, ஓர் அனுமதி. அவ்வனுமதியை இரவல் கொடுப்பதற்கோ விற்பதற்கோ பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதற்கோ பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனைகள் இடந்தருவதில்லை. அந்நிபந்தனைகள் பல பக்கங்களில் நீண்டு கிடக்கின்றன. படியாமலே 'சம்மதம்' என்ற இடத்தைத் தொட்டுச் செல்வதே வழக்கமாகிவிட்டது.

நிறுவனங்கள் இம்முறையை விரும்புவதற்குக் காரணங்கள் வெளிப்படை. இறுவட்டு அச்சிடும் செலவில்லை, கப்பற் கூலியில்லை, கடைக்காரருக்குத் தரும் பங்கில்லை, விற்காது தேங்கும் சரக்கில்லை. ஒருவர் ஆடி முடித்த பிரதியை மற்றொருவர் குறைந்த விலைக்கு வாங்கும் பழைய பொருட் சந்தையும் மறைந்துவிடுகிறது. வாங்குவோரும் இம்முறையை விரும்பியே ஏற்றனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கொழும்புக் கடைகளை எட்ட முடியாத ஊரில் உள்ளவனுக்கும் இணையம் கிடைத்தால் உலகக் கடை வாயிலில் வந்து நிற்கிறது. இறுவட்டு கீறிப் போகும் என்ற கவலை இல்லை. விளையாட்டிற் பிழை காணப்பட்டால் அதனை நிறுவனம் இருந்த இடத்திலிருந்தே திருத்துகிறது. நூறு கிகாபைட்டைத் தாண்டும் இன்றைய விளையாட்டுகள் சிலவற்றை ஓர் இறுவட்டில் அடக்குதலும் அரிது. சிறு முதலோடு தனித்து உழைக்கும் ஆக்குநர் ஒருவர், பெட்டியும் வட்டும் செய்யப் பொருளின்றி, இணையத்தாலேயே தம் ஆக்கத்தை உலகுக்குக் காட்ட முடிகிறது. இவையெல்லாம் மெய்யான நன்மைகள்.

இனி இழப்பின் பக்கத்தைப் பார்ப்போம். நிண்டென்டோ நிறுவனம் தன் வீ பொறிக்குரிய இணையக் கடையை 2019 சனவரியில் மூடிற்று. 3டிஎஸ், வீ யூ ஆகிய பொறிகளின் கடைகள் 2023 மார்ச் 27ஆந் திகதி மூடப்பட்டன. முன்னர் வாங்கியோர் தம் விளையாட்டுகளை மீண்டும் இறக்கிக்கொள்ள இடமளிக்கப்பட்டதாயினும், இணையத்தில் மாத்திரமே வெளிவந்து பேழையாக ஒருபோதும் வெளிவராத விளையாட்டுகளைப் புதிதாக ஒருவர் முறைப்படி வாங்குவதற்கு அன்றோடு வழியற்றுப் போயிற்று. நூலொன்றின் எல்லாப் பிரதிகளும் ஒரே நாளில் ஒரே கடையில் பூட்டப்பட்டதற்கு இது ஒப்பாகும்.

இதனினும் கடுமையான நிகழ்ச்சி 2024இல் நேர்ந்தது. பிரான்சின் யுபிசொஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'த குரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டு, தனியே ஆடுபவருக்கும் இணையத் தொடர்பை வேண்டியது. 2024 மார்ச் 31ஆந் திகதி நிறுவனம் அதன் சேவையகங்களை நிறுத்திற்று. இணையத்தில் வாங்கியவர்களின் அனுமதி நீக்கப்பட்டது. இறுவட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களின் வட்டும் பயனற்றுப் போயிற்று. கலம் கையிலே இருந்தும், அதனைத் திறக்கும் ஆற்றல் பிறர் கையில் இருந்தமையால் நேர்ந்தது இது. வட்டு வாங்கினால் மாத்திரம் உடைமை காக்கப்படும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் அயல்நாடாகிய இந்தியாவில் 2020 செப்டெம்பரில் அரசாங்கம் பப்ஜி மொபைல் என்ற விளையாட்டைத் தடை செய்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதியோடு அதன் சேவை அங்கே முடிந்தது. தடைக்குக் காட்டப்பட்ட காரணங்கள் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியவை; அவற்றின் நன்மை தீமை வேறு விடயம். ஆயின், தமிழ்நாடு உட்பட அந்நாடெங்கணும் எத்தனையோ இளைஞர் பணம் கொடுத்து வாங்கிய அணிகளும் ஆடைகளும் ஆயுதங்களும் அடங்கிய கணக்குகள் ஒரு நாளிலே மூடுண்டன. கைப்பொருளாயின், அரசு தடை செய்தாலும் வீடு வீடாகச் சென்றன்றோ அதனைப் பறித்தல் வேண்டும்? இணையப் பொருளை எடுத்துக்கொள்ள ஒருவரும் வீட்டுக்கு வரவேண்டியதில்லை.

இலங்கைக்குரிய இடர் மற்றொன்று உண்டு. இணையக் கடை உலகப் பொதுவானது என்று பலர் கருதுகின்றனர். அது அவ்வாறன்று, ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய நாடுகளிலேயே கடையைத் திறக்கிறது. 2024 மே மாதத்தில், 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டை ஆடும் அனைவரும் பிளேஸ்டேஷன் இணையத்தில் கணக்குத் திறக்க வேண்டும் என்று சோனி நிறுவனம் அறிவித்தது. இலங்கையைப் போன்று அந்த இணையம் அமையாத நாடுகள் 170க்கு மேல் இருந்தன. அந்நாடுகளில் அதன் விற்பனை ஸ்டீம் கடையிலிருந்து நீக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு நிறுவனம் சில நாட்களுள் அந்நிபந்தனையைக் கைவிட்டது. ஆயின், விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை. இறுவட்டாயின் துபாயிலோ தோகாவிலோ தொழில் புரியும் அண்ணன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவான். எல்லையில்லாதது என்று புகழப்படும் இணையமே சிறு நாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வாறு புதிய எல்லையை வகுத்தது.

விலையின் துன்பமும் சொல்லத்தக்கது. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்துக்குள் 350 ரூபாவையும் தாண்டிற்று. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. டொலரில் விலை குறிக்கும் இணையக் கடை அந்நாட்களில் எட்டாக் கனியாயிற்று. ஏற்கனவே கையிலிருந்த வட்டுகளையும் பேழைகளையும் அயலவரோடு மாற்றிக்கொண்டவர்களுக்கு அவ்விடர் சிறிதே தணிந்தது. இரவலும் மாற்றும் வறியோரின் நூலகம். அந்நூலகத்தை மூடிவிடும் முறையொன்று எத்துணை நவீனமாயினும், அதனால் முதலில் இழப்பவர் வறியோரே.

இவ்வாறு கூறுவதனாற் பேழையும் வட்டும் அழியாதவை என்று முடிவு செய்தலாகாது. பழைய பேழைகள் சிலவற்றில் ஆட்டத்தின் நிலையைக் காத்து வைப்பதற்கென்று சிறு மின்கலம் உண்டு. ஆண்டுகள் பல சென்றால் அது வலுவிழந்து போகும். இறுவட்டின் மெல்லிய உலோகப் படை காற்றும் ஈரமும் பட்டு அரிக்கப்படும். மழைக்காலத்து ஈரலிப்பு நிறைந்த மலைநாட்டு வீடுகளிலே வட்டின்மீது பூஞ்சணம் படர்தலும் உண்டு. அவற்றை ஆடும் பொறிகளும் பழுதாகி, உதிரிப்பாகம் கிடையாது போகின்றன.

ஏட்டின் கதையும் இதுவே. தாளிப்பனையின் இளவோலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியாற் கீறி, மை தடவி எழுதப்பட்ட சுவடி சில நூற்றாண்டுகள் தாங்கும், பின்னர் நொறுங்கும். ஆகவே பழையோர் அதனை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதி வந்தனர். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் பழஞ்சுவடிகள் அழிந்தன என்று கூறப்படுகிறது. எனினும் திரிபிடகம் அழியவில்லை. இலங்கையின் பிற விகாரைகளிலும், பர்மாவிலும் சீயத்திலும் அதன் பிரதிகள் இருந்தன. ஒரு வீட்டில் மூண்ட தீ ஒரு பிரதியையே உண்ண முடிந்தது.

அதே பெருவீதி சென்று முடியும் யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது வேறு. 1981 மே 31ஆந் திகதி நள்ளிரவை அடுத்து எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் பெறற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. பிற இடங்களிலே பிரதி இருந்தவற்றைக் காலப்போக்கில் மீளப் பெற முடிந்தது. பிரதியில்லாதவை போனவை போனவையே. கையிலிருந்த பொருளாயினும் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்குமாயின் அதற்குப் பாதுகாப்பில்லை என்பதற்குத் தமிழர் அறிந்த சான்று இதனைவிட வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டளவில் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே தொகுத்து எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. அங்கே இணையம் அழிக்கவில்லை, காக்கிறது.

ஆகவே கலம் ஓலையா, வட்டா, இணையமா என்பது முதற் கேள்வியன்று. எத்தனை பிரதிகள் உள்ளன, அவை யார் யார் கையில் உள்ளன, மேலும் பிரதி எடுக்க யாருக்கு உரிமையுண்டு என்பனவே முதன்மையான கேள்விகள். மின்வடிவத்தைப் போல எளிதிலும் பிழையின்றியும் பிரதி செய்யத்தக்க கலம் மனித வரலாற்றில் வேறில்லை. பிரதி செய்தற்கு மிக எளிய அக்கலத்தையே பூட்டிட்டு, ஒரே பதிவேட்டின் தயவில் வைத்திருப்பதுதான் இன்றைய முரண்பாடு.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம் 2023 சூலையில் வெளியிட்ட ஆய்வொன்று, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று காட்டிற்று. அத்தகையவற்றை ஆய்வாளர்க்கு இணையவழியே காட்டுவதற்கு நூலகங்களுக்கு இடமளிக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தை 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. மறுபுறம், கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, திரும்பப் பெறக்கூடிய அனுமதியை விற்பவர் அதனை உடைமை விற்பனைபோலக் காட்டுதல் கூடாது. வாங்குபவருக்கு உண்மையைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். ஐரோப்பாவில், 'த குரூ' நிறுத்தப்பட்டதை அடுத்து எழுந்த இயக்கமொன்றுக்கு 2025 சூலைக்குள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விற்ற விளையாட்டைக் கைவிடும் நிறுவனம், அது தொடர்ந்து ஆடத்தக்க நிலையில் அதனை விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

இவ்வளவு கவலைக்கும் விளையாட்டு தகுதியுடையதா என்று கேட்போர் உளர். ஒரு காலத்தில் நாடகமும் கூத்தும் திரைப்படமும் இவ்வாறே இகழப்பட்டன. நல்ல விளையாட்டொன்றில் ஓவியரும் இசைவாணரும் கதையாசிரியரும் கணித அறிஞரும் கூடி உழைக்கின்றனர். பிற்காலத்தவர் நம் காலத்துப் பிள்ளைகள் எதனைக் கண்டு வியந்தனர், எதனைக் கண்டு அஞ்சினர் என்று அறிய விரும்புவாராயின், அவ்விளையாட்டுகளை அவர்கள் ஆடிப் பார்த்தல் வேண்டும். நாளை மாத்தளை மாணாக்கர் ஒருவர் தமிழிலே ஒரு விளையாட்டை ஆக்கக்கூடும். அதனைச் சுமந்த அந்நிய நாட்டுக் கடை மூடப்படும்போது அதுவும் உடன் மறைய வேண்டுமா? இலங்கையில் 1885ஆம் ஆண்டிலேயே அச்சிடுவோர் வெளியிடுவோர் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. அச்சிட்ட நூலின் பிரதிகளை அரசிடம் ஒப்படைத்தல் அச்சகத்தாரின் கடமையாயிற்று. மின்னாக்கங்களுக்கும் அத்தகைய காப்பு வேண்டும் என்ற சிந்தனை சட்டமியற்றுவோரிடையே வளர வேண்டிய காலம் இது.

சட்டம் வரும்வரை வீடுகளிற் செய்யத்தக்கவை சில உள. பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்கும்போது பெற்றோர் விலையை மாத்திரம் வினவுதல் போதாது. இணையத் தொடர்பின்றி அது இயங்குமா, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது, நிறுவனம் சேவையை நிறுத்தினால் எஞ்சுவது என்ன என்ற மூன்றையும் கேட்டல் வேண்டும். பூட்டில்லாத வடிவில் பிரதியைத் தந்து, வாங்கியவர் தம் சேமிப்பில் வைத்துக்கொள்ள இடமளிக்கும் இணையக் கடைகளும் உண்டு. இயன்றவிடத்து அவற்றைத் தெரிதல் நன்று. கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டுப் பத்திரங்களோடு எழுதி வைத்தல் வேண்டும். கைத்தொலைபேசி தொலைந்ததும் பல ஆண்டுச் சேகரிப்பைத் துறந்தவர் பலர். விளையாட்டினுள்ளே விற்கப்படும் ஆடையும் அணியும் வாடகைப் பொருள்களே என்பதைச் சிறுவர்க்கு எடுத்துச் சொல்லிய பின்னரே, தொலைபேசி மீள்நிரப்புப் பணத்தை அதற்குச் செலவிட விடுதல் தகும்.

பழைய கசெற்றும் வட்டும் வீட்டு மூலையில் கிடக்குமாயின் அவற்றைக் குப்பையில் எறியாது ஈரம் படாத இடத்தில் வைத்தல் நன்று. இன்றைய பிள்ளைகளுக்கு அவற்றை ஆடிக் காட்டலாம். விடுமுறை நாளொன்றில் பல்லாங்குழிப் பலகையையும் அருகே எடுத்து வைக்கலாம். எந்த விளையாட்டு யாருடைய அனுமதியின்றி ஆடத்தக்கது என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். வாங்குவது பொருளா, அனுமதியா என்று விலை கொடுக்குமுன் கேட்கும் பழக்கம் இளமையிலேயே அமையுமாயின், வளர்ந்தபின் நூலும் பாட்டும் படமும் வாங்கும்போதும் அவர்கள் ஏமாற்றம் அடையமாட்டார்கள்.